பூங்கா அடுப்புக்குப் பிள்ளையார் சுழி

மெல்பர்னில் பூங்காவுக்குப் பூங்கா ஒரு மின்சார அடுப்பு உண்டு. பொத்தானை அழுத்தினால் தட்டு சூடாகும். கொண்டுபோனதைச் சுட்டுத் தின்றுவிட்டு, தட்டைத் துடைத்துவிட்டு வீட்டுக்கு வரலாம். ஒரு காரியம் இவ்வளவு எளிதாக நடந்துகொண்டிருந்தால் யாருக்குத்தான் பொறுக்கும்? அடுப்புகளை ஒழுங்குபடுத்த ஒரு வாரியம் அமைந்தது. பொதுப் பூங்கா அடுப்பு வாரியம் என்று பெயர். நகரின் நடுவே இரண்டு மாடிகள், ஆற்றைப் பார்த்த சன்னல்கள், மாடிக்கு ஒரு காபி இயந்திரம். அடுப்பு மட்டும் கிடையாது. கட்டடத்துக்குள் புகை கூடாதாம்.

வாரியம் வந்தபின் யாரும் சும்மா போய்ப் பொத்தானை அழுத்திவிட முடியாது. இணையத்தில் ஆளுக்கு ஒரு மணி நேரம் பதிய வேண்டும். பதிந்த நேரத்தில் அடுப்பு தானே திறக்கும். நேரம் முடிந்ததும், சாசேஜ் பாதி வெந்திருந்தாலும் கவலைப்படாமல் அணைந்துவிடும். அந்த இணையச் செயலியைப் பராமரிக்கிறவர்களில் ஒருவன் நம் செந்தில்நாதன். ஊர் விருதுநகர், இருப்பு மெல்பர்னின் ரோவில் புறநகர். வாரியத்தின் ஸ்பான்சர் விசாவில் வந்தவன். குளிர்காலத்தோடு விசா முடிகிறது. அதற்குள் வாரியம் அவனை பி.ஆர். என்கிற நிரந்தர வசிப்புரிமைக்குப் பரிந்துரைத்தாக வேண்டும். பரிந்துரைக் கடிதத்தில் கையெழுத்திட வேண்டியவர் தலைமை இயக்குநர் ஜில்லியன்.

இந்தக் கையெழுத்துக்காக வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி காத்திருந்தது. தோட்டத்தில் நட வீட்டுக்காரர் எப்போதோ சம்மதித்துவிட்டார். செந்தில்நாதனின் மனைவி ஹம்சாதான் சம்மதிக்கவில்லை.

"நாளைக்கே பெட்டியக் கட்டுன்னு சொல்லிட்டா? தொட்டில இருந்தா யாருக்காச்சும் குடுத்துட்டுப் போயிடலாம். தரைல வச்சதப் பிடுங்கவா முடியும்? பி.ஆர். வரட்டும், வைக்கலாம்" என்றாள். ஆகவே பனி விழும் மாதங்களில் தொட்டியை வீட்டுக்குள் தூக்கிவைப்பதும் வெயில் கண்டதும் வெளியே தூக்கிவைப்பதும் செந்தில்நாதனின் வேலையாயிற்று.

இப்படி இருக்கையில் தணிக்கை வந்தது. செயலிக்கு ஆவணம் என்று ஒன்று இல்லவே இல்லை என எழுதிவைத்துவிட்டுப் போனார்கள். ஆவணம் எழுத ஒரு மனிதரை அமர்த்துவது வாரியத்தின் கௌரவத்துக்குப் போதாது. எனவே ஆவணத்தைத் தானே உண்டாக்கும் மென்பொருளை வாங்கினார்கள். நிரல் எழுதுகிறவர்கள் ஒவ்வொரு பகுதியின் தலையிலும் மனித மொழியில் ஒரு குறிப்பு எழுதிவைப்பது வழக்கம். கமென்ட் என்பார்கள். கணினி அதைச் சீண்டாது. பின்னால் வருகிற மனிதன் படித்துப் பிழைத்துக்கொள்ளட்டும் என்று எழுதுவது. இந்த மென்பொருள் நிரலை விட்டுவிட்டுக் கமென்ட்களை மட்டும் திரட்டும். வாரியத்தின் முத்திரையைப் பதித்து அழகான ஓர் இணையதளமாகக் கட்டித் தரும்.

முதல்முறை ஓட்டிப் பார்க்க வாரியமே திரைமுன் கூடியது. முத்திரைக்குக் கீழே அதிகாரபூர்வமாக இப்படி வந்தது: "முன்பதிவை ரத்துசெய்தல்: இதைத் தொட்டவன் தொலைந்தான். அடுப்பை அணைத்தல்: இது ஏன் வேலை செய்கிறதென்று எனக்குத் தெரியாது. பராமரிப்பு அட்டவணை: வெள்ளிக்கிழமை மாலை எழுதியது, மன்னிக்கவும். அவசர நிறுத்தம்: விளக்கம் பிறகு எழுதுகிறேன், டேவ்." டேவ் வேலையை விட்டுப்போய் டாஸ்மேனியாவில் ஆப்பிள் பயிரிடுகிறார். மற்ற பகுதிகளில் கமென்டே கிடையாது. பக்கம் பக்கமாகச் சிவப்பு. அந்தச் சிவப்புக் காட்டில் ஒரே ஓர் இடம் மட்டும் பச்சைப்பசேலென்று இருந்தது. அது செந்தில்நாதன் எழுதிய பகுதி. ஒன்று விடாமல் எல்லாவற்றுக்கும் ஆவணம் இருப்பதாக மென்பொருள் சான்று அளித்தது. "நேரம் பதிதல்: உ. அடுப்பைத் திறத்தல்: உ. நினைவூட்டல் அனுப்புதல்: உ."

செந்தில்நாதன் மெல்லப் பின்வரிசைக்கு நழுவினான். பரீட்சைத்தாள் தொடங்கி மளிகைச் சீட்டு வரை மேலே பிள்ளையார் சுழி போடாமல் அவன் எதையும் எழுதியவன் அல்ல. ஒரே ஒருமுறை, கல்லூரியில் வேலைக்கு ஆள் எடுக்க வந்தவர்கள் முன்னால், அவசரத்தில் சுழி போடாமல் ஒரு நிரல் எழுதினான். அது ஓடாமல் நின்று மானத்தை வாங்கியது. அதிலிருந்து புதிதாக எந்தப் பகுதியைத் தொடங்கினாலும் அதன் தலையில் கமென்டாக ஓர் "உ" தானே விழும்படி செய்துவைத்திருந்தான். தனக்கும் பிள்ளையாருக்கும் நடுவே மூன்றாம் மனிதர் வருவார் என்று அவன் நினைக்கவில்லை.

அன்று மதியமே பிரதீப்குமார் அவனைத் தனியறைக்குக் கூப்பிட்டார். பிரதீப்குமார் கோயம்புத்தூர்க்காரர். ஆவண மேன்மைப் பிரிவின் தலைவர். கூட்டத்தில் ஆங்கிலம், கதவைச் சாத்தினால்தான் தமிழ்.

"சார், ஸாரி சார். இன்னைக்கே எல்லாத்தையும் எடுத்துடறேன்" என்றான் செந்தில்நாதன்.

"எடுத்துராதீங்க! அது என்னன்னு எனக்குத் தெரியாதா? நானும் எக்ஸாம்ல போட்டவன்தான். ஆனா மொத்த ப்ராஜெக்ட்லயும் ஆவணம் இருக்கற பகுதி, அதான் கவரேஜ், பதினொரு பர்சன்ட். வெளிய காட்டற மாதிரி இருக்கற அந்தப் பதினொண்ணும் உங்க 'உ'. அதை எடுத்தா ஸீரோ. ஜில்லியன் கூப்பிடறாங்க, வாங்க. கேட்டா நிறைய விளக்காதீங்க."

ஜில்லியன் எழுந்து நின்று கை கொடுத்தார். அவர் ஆங்கிலத்தில் பேசியதைத் தமிழில் தருகிறேன். சாரத்தில் ஒரு துளியும் குறையாது. "இருபது வருடமாக நிர்வாகத்தில் இருக்கிறேன். ஓர் ஆவணத்தை முதலிலிருந்து கடைசிவரை நான் படித்தது இதுவே முதல்முறை. காபி ஆறுவதற்குள் முடித்துவிட்டேன். எந்த இடத்திலும் எனக்குச் சந்தேகம் வரவில்லை. இந்தக் குறி எதைச் சொல்கிறது?"

"எழுதத் தொடங்கும் முன்னால் போடுவது" என்றான் செந்தில்நாதன். பொய் சொல்ல வராது அவனுக்கு.

"தொடங்கும் முன்னாலேயே!" என்றார் ஜில்லியன், பிரதீப்குமாரைப் பார்த்து. "நாம் இத்தனை நாளும் வேலை முடிந்த பிறகு ஆவணப்படுத்திக்கொண்டிருந்தோம்."

அந்த வாரமே "உ" வாரியத்தின் தரநிலையாயிற்று. எல்லோரும் எல்லாப் பகுதிக்கும் அதைப் போட வேண்டும். அயர்லாந்துக்காரர், வியட்நாமியப் பெண், சிலியிலிருந்து வந்தவர் எல்லோரும் பயிற்சிப் பட்டறையில் உட்கார்ந்து வெள்ளைப் பலகையில் சுழித்துப் பழகினார்கள். ஆலோசனை நிறுவனம் ஒன்று நாற்பது பக்க வழிகாட்டி எழுதியது. அந்த நாற்பது பக்கத்துக்கும் செந்தில்நாதனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் பயனாளரே தவிர நிபுணன் அல்லவாம்.

சோதனைப் பிரிவில் சயந்தினி இருந்தாள். யாழ்ப்பாணத்துப் பெற்றோர், பிறந்தது வளர்ந்தது இங்கே டான்டினாங்கில். ஊர் வழக்கப்படி அவள் "உ" போட்டு அதன் கீழே "சிவமயம்" என்று எழுதிவைத்துவிட்டாள். கண்ட இடத்தில் வாரியம் கலங்கிப்போயிற்று. இரண்டு வடிவங்கள்! ஒத்திசைவுக் குழு ஒன்று கூடியது. செந்தில்நாதனின் பழைய நிரல் சிலவற்றில் சுழிக்குக் கீழே இரண்டு கோடுகள் இருப்பதையும் யாரோ கண்டெடுக்க, அதற்கு ஓர் உபகுழு.

"என்னண்ணா இது, நான் சும்மா பகிடிக்குப் போட்டனான்" என்றாள் சயந்தினி தேநீர் இடைவேளையில். "இப்ப என்னட்டை வந்து சிவமயம் ரெண்டாவது வெர்ஷனோ எண்டு கேக்கினம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஓம் எண்டு சொல்லிட்டன். வேறை என்ன சொல்லுறது?"

எல்லோரும் போட்டுப் போட்டுக் கவரேஜ் தொண்ணூற்றுமூன்று வரை ஏறி நின்றது. மீதி, டேவின் பழைய நிரல். அதைத் திறந்தாலே செயலி படுத்துவிடும் என்பதால் யாரும் சுழி போட நெருங்கவில்லை. வாரியம் ஒரு நாள் முழுவதும் யோசித்து முடிவு சொன்னது: தலையில் "உ" இல்லாத நிரல் இனிமேல் இல்லாததாகவே கருதப்படும். மென்பொருளும் அதற்கேற்பத் திருத்தப்பட்டது. சுழி இல்லாததை அது எண்ணாது, காட்டாது, திரும்பியும் பார்க்காது. மறுநாள் காலை கவரேஜ் நூறு. கேக் வெட்டினார்கள். டேவின் நிரல் தான் இல்லை என்பது தெரியாமல் வழக்கம்போல் அடுப்புகளை ஏற்றி அணைத்துக்கொண்டிருந்தது.

இந்த அமர்க்களத்தில் செந்தில்நாதன் ஒரு தவறு செய்தான். உண்மையிலேயே ஒரு கமென்ட் எழுதிவிட்டான்.

விஷயம் கடிகாரம் பற்றியது. கோடை முடிந்ததென்று ஏப்ரல் முதல் ஞாயிறு அங்கே எல்லோரும் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் தள்ளுவார்கள். அதற்குமுன் பதிந்தவர்களுக்கெல்லாம் அன்றைக்கு அடுப்பு ஒரு மணி நேரம் முந்தித் திறந்து முந்தி அணைந்துவிடும் என்பதை அவன் கண்டுபிடித்தான். பன்னிரண்டு மணிக்குப் பதிந்தவர் வரும்போது அவர் நேரம் முடிந்திருக்கும். இதை எழுதி, எப்படித் திருத்துவது என்றும் எழுதி, பத்து வரிக் கமென்டாக "உ"-வுக்குக் கீழே வைத்தான். அது நேராக ஜில்லியனின் மேசைக்குப் போயிற்று.

"உங்கள் எழுத்தில் ஒரு சரிவைக் காண்கிறேன்" என்றார் ஜில்லியன் வருத்தத்தோடு. "இதில் 'தவறு' என்ற சொல் மூன்று இடத்தில் வருகிறது. ஆவணம் என்பது படிப்பவருக்கு நம்பிக்கை ஊட்ட வேண்டும். தவறைத் திருத்த நான்கு துறைகளின் ஒப்புதல் வேண்டும். தவறைப் பற்றிய குறிப்பை நீக்க என் ஒப்புதல் மட்டும் போதும். எது விரைவான தீர்வென்று நீங்களே சொல்லுங்கள்."

பிரதீப்குமார் அன்றே அதற்கும் ஒரு விதி எழுதினார். நீளமானது அல்லது எதிர்மறையானது எதுவாக இருந்தாலும் அதற்குப் பதிலாக "உ" இடப்படும். பத்து வரியும் போயிற்று. "விடுங்க செந்தில். கொண்டாட்டத்துக்கு ஞாயித்துக்கிழமை பார்க்ல வாரியம் பார்பிக்யூ வைக்குது. அங்கதான் உங்க லெட்டர்ல கையெழுத்துப் போடப் போறாங்க, எல்லார் முன்னாடியும். அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க" என்றார்.

அந்த ஞாயிறு ஏப்ரல் முதல் ஞாயிறு. பார்பிக்யூ பன்னிரண்டு மணிக்கு. யார் அந்த நாளைத் தேர்ந்தார்களோ, பிள்ளையாருக்குத்தான் வெளிச்சம்.

வீட்டில் ஹம்சாவிடம் சொன்னான். அவள் யோசிக்கவே இல்லை. "ஒரு மணி நேரம் முன்னப் பின்ன அடுப்பு எரிஞ்சா ஊரா பத்திக்கப்போவுது? உ போட்டா கையெழுத்துப் போடறாங்கன்னா போட்டுட்டு வாங்களேன்." அவனுக்கும் அதுதான் சரியென்று பட்டது. அப்படிப் பட்டதில் கொஞ்சம் வெட்கமும் இருந்தது.

ஞாயிறு மதியம் ரோவிலுக்குப் பக்கத்துப் பூங்காவில் வாரியம் திரண்டது. பெட்டி பெட்டியாக சாசேஜ், வெங்காயம், ரொட்டி, நூறு என்று எழுதிய பலூன். கடிதம் ஜில்லியனின் கைப்பையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்ததை செந்தில்நாதன் பார்த்தான். அடுப்படியில் ஏற்கெனவே ஒரு குடும்பம் நின்றது. கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்விட்டு நெற்றி நிறையத் திருநீற்றோடு வந்தவர்கள். ஓய்வுபெற்ற கணக்காளர் ஆனந்தராஜா சோளக்கதிரைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவர் மனைவி இரஞ்சிதம் வடைப் பாத்திரத்தைத் திறந்துவைத்துக்கொண்டு பேரப்பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அன்று காலையில்தான், மணி மாறிய பிறகு, பன்னிரண்டு மணி காலியாகக் கிடக்கிறது என்று பார்த்துப் பதிந்தவர்கள். அடுப்பின் சின்னத் திரை அவர்கள் பேரைக் காட்டியது. அதற்குமேல் ஒரு வரி: "வாரியத்தின் நேரம் முடிந்தது. அடுப்பைத் துடைத்தமைக்கு நன்றி."

ஜில்லியன் பதறவில்லை. கைபேசியில் ஆவணத்தைத் திறந்தார். "நேரக் கணக்கு: உ" என்று படித்தார். "அடுப்பு ஒதுக்கீடு: உ. ஆவணம் முழுமையாக இருக்கிறது. ஆகவே செயலியில் பிழை இருக்க வழியில்லை. இவர்கள் அடுப்பை அத்துமீறிக் கைப்பற்றியிருக்கிறார்கள்." பூங்காக் காவலரை அழைக்கும்படி பிரதீப்குமாரிடம் சொன்னார்.

ஆனந்தராஜா எட்டிக் கைபேசியைப் பார்த்தார். முகம் மலர்ந்துவிட்டது. "இஞ்சை பாரப்பா, பிள்ளையார் சுழியெல்லோ! ரஞ்சி, இவை எங்கட ஆக்கள்போலை!" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு, பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தார். பிறகு செந்தில்நாதனிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "என்ன தம்பி, எல்லாப் பக்கத்திலையும் சுழிதான் கிடக்குது. போட்டிட்டு எழுத மறந்துபோனியளோ?"

"என்ன சொல்கிறார்?" என்றார் ஜில்லியன்.

ஆனந்தராஜாவே ஆங்கிலத்தில் சொன்னார். "இதைப் போட்டபிறகு கீழே ஏதாவது எழுத வேண்டும், அம்மணி."

"அது இரண்டாம் கட்டம்" என்றார் ஜில்லியன். "காவலர் வருகிறாரா, பிரதீப்?"

வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் செந்தில்நாதனுக்கு எல்லாம் நடந்திருக்கும். காவலர் வந்திருப்பார், அந்தக் குடும்பம் சோளத்தைப் பொறுக்கிக்கொண்டு நகர்ந்திருக்கும், கடிதத்தில் கையெழுத்து விழுந்திருக்கும். ஆனால் தன் நேரத்துக்கு ஒழுங்காகப் பதிந்துவிட்டு வந்து நிற்கிற மனிதரைத் திருடன் என்பதா? அவன் முன்னே வந்தான்.

"அவர்மேல் பிழை இல்லை" என்றான். "மணி மாறிவிட்டது. நம் செயலிக்கு மணி மாறியது தெரியாது. இன்றைக்கு இந்த மாநிலத்தில் எத்தனை அடுப்பில் எத்தனை குடும்பம் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறதோ! பத்து வரியில் எழுதிக் கொடுத்தேன். நீங்கள் அதை அழித்துவிட்டு 'உ' போட்டீர்கள். இந்தக் குறிக்கு ஒரு அர்த்தமும் கிடையாது. கடவுளைக் கும்பிட்டுவிட்டு வேலையைத் தொடங்குவதற்காகப் போடுவது. நீங்கள் தொடங்கவே இல்லை!"

பிரதீப்குமார் காவலரை அழைப்பதை விட்டுவிட்டு, தலையைக் குனிந்து கைபேசியில் குறிப்பு எடுத்துக்கொண்டிருந்தார். "உங்கள் கருத்து பதிவுசெய்யப்படும்" என்று சொல்லி ஜில்லியன் கைப்பையை மூடினார். கடிதம் உள்ளே போயிற்று.

இரஞ்சிதம் நிலைமையைப் பார்த்தார். "நாங்கள் இண்டைக்குச் சைவம். உங்கட இறைச்சி மச்சத்தை இதிலை வைக்கேலாது. பசியோடை நிக்காதேங்கோ, வடை கிடக்குது, எடுங்கோ" என்று ஆளுக்கு இரண்டாக நீட்டினார். வாரியம் வடை தின்றுவிட்டு, வேகாத சாசேஜைப் பெட்டியோடு தூக்கிக்கொண்டு கலைந்தது.

வீட்டில் ஹம்சா எல்லாவற்றையும் கேட்டாள். "நீங்க சொன்னது சரிதான்" என்றாள். சோற்றைப் போட்டுக்கொண்டே, "வேற யாராச்சும் சொல்லியிருக்கலாம்" என்றாள். குளிர் தொடங்கிவிட்டதென்று தொட்டியை அவளே இழுத்து உள்ளே வைத்தாள்.

செவ்வாய்க்கிழமை சம்பவ அறிக்கை வந்தது. தன் வேலைக்கு ஓலை என்று நினைத்துத்தான் திறந்தான். வாரியத்தின் முத்திரைக்குக் கீழே மூன்றே வரி: "பூங்காவில் நடந்த சம்பவம்: உ. திரு. செந்தில்நாதன் அளித்த விளக்கம்: உ. வாரியம் முழுமனதாக ஏற்றுக்கொள்கிறது."

ஓடிப்போய்ப் பிரதீப்குமாரின் அறைக் கதவைச் சாத்தினான். "சார், நான் அவ்வளவு பேசினேனே?"

"பேசினீங்க. நீளமா பேசினீங்க, நெகட்டிவா வேற பேசினீங்க. ஸ்டாண்டர்ட் என்ன சொல்லுது? ரீப்ளேஸ் பண்ணிட்டேன்." பிரதீப்குமார் நிமிராமலே சொன்னார். "ஜில்லியன் ரிப்போர்ட்ட மட்டும்தான் நம்புவாங்க. அவங்களே மறந்துட்டாங்க. போய் வேலையப் பாருங்க."

அந்த மனிதரைக் கட்டிக்கொள்வதா அறைவதா என்று செந்தில்நாதனுக்கு விளங்கவில்லை. இரண்டும் செய்யாமல் வெளியே வந்தான். அந்த மாதமே கையெழுத்து விழுந்தது. குளிர்காலம் முடிவதற்குள் பி.ஆரும் வந்தது. வெயில் கண்டதும் ஹம்சா வேலியோரம் குழி தோண்டி, தொட்டியைத் தட்டிச் செடியை மண்ணில் இறக்கினாள். இறக்கிவிட்டு அங்கேயே உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

அக்டோபர் வந்தது. முதல் ஞாயிறு மறுபடி மணி மாறும், இந்தமுறை முன்னால். அதற்கு முந்திய வியாழன் செந்தில்நாதன் தன் இருக்கையில் அமர்ந்து புதுப் பகுதி ஒன்றைத் தொடங்கினான். வழக்கம்போல் தலையில் "உ" விழுந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு மனசுக்குள் பிள்ளையாரிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, கல்லூரி நாளுக்குப் பிறகு முதன்முறையாக அதை அழித்தான். சுழி இல்லாத வெறும் தலையில் அந்தப் பத்து வரியையும் எழுதினான். "தவறு" என்ற சொல்லை மூன்று இடத்திலும் விடாமல் எழுதினான். கீழே, கடிகாரத்தைச் சரிசெய்யும் நிரலையும் எழுதினான். சயந்தினி சோதித்துப் பார்த்துச் சரி என்றாள். ஆவண மென்பொருள் அதைத் தாண்டிப் போயிற்று. வாரியத்தைப் பொறுத்தவரை அங்கே ஒன்றும் இல்லை. கவரேஜ் நூறு.

ஞாயிறன்று மாநிலம் முழுக்க அடுப்புகள் நேரத்துக்கு எரிந்து நேரத்துக்கு அணைந்தன. திங்கள் காலை ஜில்லியனின் சுற்றறிக்கை வந்தது: "மணி மாறிய நாளிலும் ஒரு புகார்கூட இல்லை. செயலியில் ஒரு வரியும் மாற்றாமல், ஆவணத்தால் மட்டுமே இதைச் சாதித்திருக்கிறோம்."

சயந்தினி தன் நாற்காலியை அவன் பக்கம் உருட்டிக்கொண்டு வந்து கிசுகிசுத்தாள். "அண்ணா, எப்பவாவது இவை அதைக் கண்டுபிடிச்சால்?"

"கண்டுபிடிக்கணும்னா நிரலைத் திறந்து படிக்கணுமே" என்றான் செந்தில்நாதன்.